வாழ்த்து அட்டைக்கு வாங்குபவர் எங்கே?

பொங்கல் வந்தால் முன்பெல்லாம் தபால்காரருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது.

பை நிறைய வாழ்த்து அட்டைகள் இருக்கும். கரும்பு, பொங்கல் பானை, காளை மாடு, உதய சூரியன் என்று விதவிதமான படங்கள். சினிமா நட்சத்திரங்கள் சிரிக்கும் அட்டைகளும் உண்டு. வந்த அட்டைகளைப் பிள்ளைகள் எண்ணிப் பார்ப்பார்கள். யாருக்கு அதிகம் என்று சண்டை போடுவார்கள்.

இன்று பொங்கல் காலையில் கைப்பேசி ஒலிக்கிறது. ஒரே படம் நூறு பேரிடமிருந்து வருகிறது. மாலைக்குள் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறோம்.

கடைவாசலில் கயிறு கட்டி அட்டைகளைத் தொங்கவிட்ட காலம் போய்விட்டது. அந்த அட்டைகளுக்குப் படம் வரைந்தவர்கள் என்ன ஆனார்கள்? இனிமேல் வரைய நினைப்பவர்களுக்குப் பிழைப்பு உண்டா?

உண்டு. ஆனால் சந்தை பழைய இடத்தில் இல்லை. அதைத் தேடிப் போக வேண்டும்.

ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கேள்வி

கடலூர் மாவட்டத்தில் உள்ள ஊர் ஸ்ரீமுஷ்ணம். பூவராக சுவாமி கோவிலால் பெயர் பெற்றது. பெருமாள் தாமாகவே தோன்றிய எட்டு தலங்களில் இதுவும் ஒன்று என்பது வைணவர்களின் நம்பிக்கை.

இந்த ஊரில் ஒரு பெண் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோலம் போடுவதில் கெட்டிக்காரர். படமும் நன்றாக வரைவார். கல்லூரியில் படித்தவர். கைக்குழந்தை இருப்பதால் வெளியூர் வேலைக்குப் போக முடியாது. வீட்டில் இருந்தபடியே வாழ்த்து அட்டை செய்து நாலு காசு சம்பாதிக்கலாமே என்று நினைக்கிறார்.

செய்வது அவருக்குக் கஷ்டம் இல்லை. விற்பதுதான் கஷ்டம். ஊரில் பெரிய கடை கிடையாது. சென்னையோ தொலைவு. அட்டையை யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?

இது ஒரு பெண்ணின் கேள்வி அல்ல. தமிழ்நாட்டின் சிறிய ஊர்களில் கைத்திறமை உள்ள பலருடைய கேள்வி.

முதல் அட்டை எப்படிப் பிறந்தது?

விடை காண, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இங்கிலாந்தில் 1840-ல் ஒரு பென்னி செலவில் நாடு முழுவதும் கடிதம் அனுப்பும் வசதி வந்தது. கடிதங்கள் குவிந்தன. லண்டனில் ஹென்றி கோல் என்ற அதிகாரி இருந்தார். நண்பர்கள் பலர். கிறிஸ்துமஸ் வந்தால் எல்லோருக்கும் பதில் எழுத அவருக்கு நேரம் இல்லை.

அவர் ஒரு யோசனை செய்தார். ஜான் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் ஒரு படம் வரையச் சொன்னார். வாழ்த்தும் சேர்த்து 1,000 பிரதிகள் அச்சடித்தார். இது நடந்தது 1843-ல். தமக்கு வேண்டியது போக மீதி விற்பனைக்கு வந்தது. விலை ஒரு ஷில்லிங்.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? வாழ்த்து அட்டை பிறந்ததே சிரமத்தைக் குறைக்கத்தான். பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதுவதற்குப் பதில், ஒரு கையெழுத்து போட்டால் போதும்.

இன்று கைப்பேசி அதைவிடச் சிரமத்தைக் குறைத்துவிட்டது. கையெழுத்துகூட வேண்டாம். விரலால் ஒரு தட்டு தட்டினால் போதும். அதனால்தான் அட்டை தோற்றது. தந்தியும் இப்படித்தான் போனது. வாழ்த்துத் தந்தி அடிக்க, ஒவ்வொரு வாழ்த்துக்கும் ஓர் எண் இருந்தது. எண்ணைச் சொன்னால் வாழ்த்து போய்ச் சேரும். அந்தத் தந்தி சேவையையே 2013 ஜூலையில் இந்தியாவில் நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே, சிரமத்தைக் குறைக்கும் பொருளாக இனி அட்டையை விற்க முடியாது.

பிறகு எப்படி விற்பது? "உனக்காகச் சிரமப்பட்டேன்" என்று காட்டும் பொருளாக விற்க வேண்டும். இந்த மாறுதலைப் புரிந்துகொண்டவருக்குத்தான் இன்று சந்தை திறக்கிறது.

சிவகாசியும் கோவில்பட்டியும்

தமிழ்நாட்டில் படம் அச்சடிப்பதற்குப் பெயர் பெற்ற ஊர் சிவகாசி. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டுப்படம் தேவைப்பட்டது. அதிலிருந்து அச்சுத்தொழில் வளர்ந்தது. காலண்டர், நோட்டுப் புத்தகம், வாழ்த்து அட்டை எல்லாம் அங்கிருந்து வந்தன.

பக்கத்துக் கோவில்பட்டியில் கொண்டையராஜு என்ற புகழ்பெற்ற ஓவியர் இருந்தார். 1898-ல் பிறந்து 1976-ல் மறைந்தவர். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் காலண்டராக வீடு வீடாகப் போயின. பூஜை அறையில் மாட்டிக் கும்பிட்டார்கள்.

ஓவியர் ஒரு முறை வரைவார். அச்சகம் ஆயிரக்கணக்கில் அச்சடிக்கும். ஊர் ஊராகக் கடைகள் விற்கும். இதுதான் பழைய முறை. இந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணி கடை. அட்டைக்குக் கடை போனதும் சங்கிலி அறுந்தது.

இனி வரைகிறவர், வாங்குகிறவரை நேராகத் தேட வேண்டியதுதான்.

கடையை நம்பாதவர்கள்

இப்படித் தேடி வெற்றி கண்டவர்கள் உலகில் உண்டு.

எரிக் ஸ்டெக்மன் என்பவர் ஜெர்மனிக்காரர். சிறுவயதில் இளம்பிள்ளை வாதத்தால் இரண்டு கைகளும் செயலிழந்தன. வாயில் தூரிகையைக் கவ்வி ஓவியம் வரைந்தார். தம்மைப் போன்ற ஓவியர்களை ஒன்றுசேர்த்து 1950-களில் ஒரு சங்கம் தொடங்கினார். வாயாலும் காலாலும் வரைகிற ஓவியர்களின் சங்கம் அது. அவர்கள் கடையை நம்பவில்லை. அட்டைகளைத் தபால் மூலம் நேரே வீடுகளுக்கு அனுப்பினார்கள். இந்தியாவிலும் இந்தச் சங்கத்தைச் சேர்ந்த ஓவியர்கள் இருக்கிறார்கள்.

ஐ.நா. சபையின் குழந்தைகள் நிதியமான யுனிசெப் 1949-ல் ஒரு வாழ்த்து அட்டை வெளியிட்டது. படத்தை வரைந்தது யார் தெரியுமா? செக்கோஸ்லோவாகியாவில் ஒரு கிராமத்துச் சிறுமி. வயது 7. போருக்குப் பிறகு யுனிசெப் செய்த உதவிக்கு நன்றி சொல்ல அவள் வரைந்த படம் அது. அதிலிருந்து யுனிசெப்பின் அட்டை விற்பனை தொடங்கிற்று.

மும்பையில் 1979-ல் ரிப்பன் கபூர் என்ற இளைஞர் நண்பர்களுடன் சேர்ந்து குழந்தைகள் நலனுக்காக 'கிரை' என்ற அமைப்பைத் தொடங்கினார். கையில் இருந்த முதல் 50 ரூபாய்தான். வாழ்த்து அட்டை விற்பனை அதை வளர்த்தது.

இந்த அட்டைகளை ஜனங்கள் ஏன் வாங்கினார்கள்? காகிதத்துக்காக அல்ல. அந்த அட்டைக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தார். ஒரு கதை இருந்தது. கைப்பேசியில் வரும் படத்துக்குப் பின்னால் ஆளும் இல்லை, கதையும் இல்லை.

பக்கத்திலேயே சந்தை

சரி, ஸ்ரீமுஷ்ணத்துப் பெண் எங்கே போகலாம்?

முதலில் சொந்த ஊர். தரிசனத்துக்கு வெளியூர் ஜனங்கள் வருகிறார்கள். திரும்பும்போது ஊர் நினைவாக ஏதாவது வாங்க விரும்புகிறார்கள். இந்தக் கோவிலின் சிற்பத் தூண்கள் அழகானவை. மாசி மகத்தின்போது பூவராக சுவாமி கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருள்கிறார். அங்கே முஸ்லிம்களும் மரியாதை செய்து வரவேற்கிறார்கள். இந்தக் காட்சியைக் கோடு போட்டு வரைந்து அட்டையாக்கினால் எப்படி இருக்கும்? சிவகாசியில் கிடைக்காது. ஸ்ரீமுஷ்ணத்தில் மட்டும்தான் கிடைக்கும். அதுதான் அதன் பலம். கோவிலுக்குள் விற்கவோ, படம் எடுக்கவோ கோவில் நிர்வாகத்தின் அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது சிதம்பரம். மகா சிவராத்திரியை ஒட்டி அங்கே நாட்டியாஞ்சலி நடக்கிறது. 1981 முதல் நடந்துவரும் விழா. பல நாடுகளிலிருந்து நடனக் கலைஞர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு நடனப் படம் போட்ட அட்டை பிடிக்காமல் போகுமா? பக்கத்துப் பிச்சாவரத்துக்குச் சுரபுன்னைக் காடு பார்க்க உல்லாசப் பயணிகள் வருகிறார்கள்.

மூன்றாவது திருக்கடையூர். சிதம்பரத்துக்குத் தெற்கே இருக்கிறது. 60 வயது நிறைந்தவர்கள் சஷ்டியப்த பூர்த்தியும், 80 வயதைக் கடந்தவர்கள் சதாபிஷேகமும் செய்துகொள்ளத் தேடிவரும் தலம். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வெளிநாட்டிலிருந்துகூட வருகிறார்கள். அப்பா அம்மாவின் பெயர் எழுதி, கையால் வரைந்த வாழ்த்து அட்டையை அவர்கள் வாங்குவார்கள். அங்கே சடங்கு ஏற்பாடு செய்பவர்களையும், தங்கும் விடுதிக்காரர்களையும் பார்த்து மாதிரியைக் காட்டி வைத்தால் போதும்.

நாலாவது கல்யாணப் பத்திரிகை. தமிழ்நாட்டில் எந்தக் கைப்பேசி வந்தாலும், அழைப்பிதழைத் தட்டில் வைத்துக் கொடுக்கும் வழக்கம் போகவில்லை. விருத்தாசலத்திலும் சிதம்பரத்திலும் கடலூரிலும் உள்ள அச்சகங்களுக்குப் புதுப் புது மாதிரிகள் தேவை. மாதிரி ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளலாம்.

ஐந்தாவது, வாழ்த்து அனுப்பியே ஆக வேண்டியவர்கள். பள்ளிக்கூடம், மருத்துவமனை, நகைக்கடை, ஜவுளிக்கடை போன்றவர்கள் புத்தாண்டுக்கும் பொங்கலுக்கும் நல்ல வாடிக்கையாளர்களை நினைவில் வைத்துக்கொள்வார்கள். ஒரு நிறுவனம் 200 அட்டை வாங்கினால், அது 200 தனி ஆட்களைத் தேடி அலைவதற்குச் சமம்.

தொலைவில் உள்ள சந்தை

அரசாங்கத்தின் வழிகளும் இருக்கின்றன. பூம்புகார் விற்பனை நிலையங்களை நடத்தும் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் 1973-ல் தொடங்கியது. 1983-ல் தொடங்கிய தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம், சுய உதவிக் குழுக்களின் பொருள்களை 'மதி' என்ற பெயரில் விற்க உதவுகிறது. தனியாகப் போனால் கேட்காத கதவு, குழுவாகப் போனால் திறக்கும். கைவினைஞர்களுக்கு மத்திய அரசு அடையாள அட்டை தருகிறது. அது கிடைத்தால் கண்காட்சிகளில் இடம் கேட்க வசதியாக இருக்கும்.

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்ற கலைக் கிராமம் இருக்கிறது. 1996-ல் திறந்தது. கைவினைப் பொருள் தேடுகிறவர்கள் வரும் இடம் அது.

காகிதமும் தொலைவில் இல்லை. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலை 1959 முதல் இருக்கிறது. துணிக் கழிவிலிருந்து செய்யும் காகிதம். தொட்டுப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். தொட்டுப் பார்க்க முடியாதது கைப்பேசிப் படம். தொட்டுப் பார்க்க முடிவதுதான் அட்டையின் பெருமை.

அட்டையைக் கொன்ற கைப்பேசியே அட்டையை விற்கவும் உதவும். பத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டால், வெளிநாட்டுத் தமிழரும் பார்ப்பார். இணையக் கடைகளும் உண்டு. ஆனால் அவை கழிவு பிடிக்கும். வெளிமாநிலத்துக்கு விற்கும் முன் ஜி.எஸ்.டி. விதிகளைக் கணக்கு தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

விலை போடுவது எப்படி?

பலர் தோற்பது இங்கேதான். காகிதச் செலவை மட்டும் எண்ணி விலை போடுகிறார்கள். தம் உழைப்பை எண்ணுவதில்லை.

ஓர் உதாரணக் கணக்கு பாருங்கள். காகிதமும் உறையும் 8 ரூபாய். வர்ணம் 2 ரூபாய். ஓர் அட்டைக்கு அரை மணி நேரம் ஆகிறது. 8 மணி நேரத்துக்கு 400 ரூபாய் கூலி என்றால், அரை மணிக்கு 25 ரூபாய். மொத்த அடக்கம் 35 ரூபாய்.

கடைக்காரர் நூற்றுக்கு 30 கழிவு கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டையை 50 ரூபாய்க்கு விற்றால் கடைக்கு 15. வரைந்தவருக்கு 35. கூலி வந்துவிட்டது. லாபம் ஒரு காசுகூட இல்லை!

கையால் வரையாமல் அச்சடித்தால்? ஒரு படம் வரைய இரண்டு நாள். கூலி 800 ரூபாய். 100 அட்டை அச்சடிக்க, ஒன்றுக்கு 12 ரூபாய் வீதம் 1,200 ரூபாய். மொத்தம் 2,000 ரூபாய். ஒன்று 40 ரூபாய்க்கு விற்றால், கழிவு போக 28 ரூபாய் கிடைக்கும். நூறும் விற்றால் 800 ரூபாய் லாபம். எழுபது மட்டும் விற்றால் கிடைப்பது 1,960 ரூபாய். 40 ரூபாய் நஷ்டம்.

ஆகவே, எடுத்த எடுப்பில் 1,000 அட்டை அச்சடிக்கக் கூடாது. முதலில் 10 மாதிரி. பிறகு ஆர்டர். அதன் பிறகே அச்சு.

கடையில் கொடுத்துவைத்தால் எத்தனை அட்டை, என்ன விலை, எப்போது பணம் என்று இரண்டு சீட்டு எழுதி ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். சிநேகிதம் வேறு, கணக்கு வேறு.

படம் யாருக்குச் சொந்தம்?

இது மிகவும் முக்கியம்.

இந்தியாவில் 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. ஒருவர் தாமாகவே ஒரு படம் வரைந்தால் அதன் உரிமை அவருக்கே. அவர் ஆயுள் முழுவதும் உண்டு. அதற்குப் பிறகும் 60 ஆண்டு வரை வாரிசுகளுக்கு உண்டு. பதிவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

ஆனால் ஒருவர் பணம் பேசி, "எனக்கு இப்படி ஓர் ஓவியம் வரைந்து கொடு" என்று கேட்டு வாங்கினால்? வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் உரிமை பணம் கொடுத்தவருக்குப் போய்விடும். வரைந்தவரே அந்தப் படத்தை மறுபடி அட்டையாகப் போட முடியாது!

அதனால் பணம் வாங்கும் முன் பேசிக்கொள்ள வேண்டும். "இந்த ஆண்டு பொங்கலுக்கு 500 அட்டை அச்சடிக்க மட்டும் அனுமதி. படத்தின் உரிமை வரைந்தவருக்கே" என்று எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டால் போதும். உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுப்பதும் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும்.

தோட்டத்துக் காயை விற்கலாம். தோட்டத்தையே விற்றுவிடக் கூடாது.

அதேபோல, பிறர் படத்தை இணையத்திலிருந்து எடுத்து அட்டையில் ஒட்டுவதும் தவறு. நமக்கு உள்ள உரிமை அவர்களுக்கும் உண்டு.

ஏமாற வேண்டாம்

"வீட்டிலிருந்தே வாழ்த்து அட்டை செய்யுங்கள். எல்லாவற்றையும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம். முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்று சிலர் ஆசை காட்டுவார்கள். பணத்தைக் கட்டினால் ஒரு கட்டுக் காகிதம் வரும். செய்து அனுப்பினால் "தரம் சரியில்லை" என்று திரும்பி வரும். பணம் மட்டும் திரும்பி வராது.

வேலை செய்கிறவருக்குத்தான் பணம் தர வேண்டும். வேலை செய்கிறவரிடம் பணம் கேட்டால், அங்கே ஏதோ கோளாறு இருக்கிறது என்று பொருள்.

எந்த மாதம் எந்த வேலை?

விதைக்கும் காலத்தில் விதைக்க வேண்டும். தை பிறந்த பிறகு பொங்கல் அட்டையைத் தூக்கிக்கொண்டு போனால் யார் வாங்குவார்கள்?

ஆடியில் கல்யாணம் இல்லை. அது வரைகிற மாதம். ஆவணிக் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் மாதிரிகளை அச்சகத்தில் காட்டிவிட வேண்டும். புரட்டாசியில் நிறுவனங்களிடம் புத்தாண்டு, பொங்கல் ஆர்டர் கேட்க வேண்டும். கார்த்திகைக்குள் அச்சு முடிய வேண்டும். மார்கழியில் அட்டை தபாலில் போக வேண்டும். மாசியில் நாட்டியாஞ்சலியும் மாசி மகமும் வருகின்றன. அதற்குள் ஊர்ப் படங்கள் தயாராக இருக்க வேண்டும்.

இதனால் ஒரே நாளில் பணக்காரர் ஆகிவிட முடியுமா? முடியாது. முதல் ஆண்டு காகிதச் செலவும் கூலியும் வந்தாலே பெரிய காரியம். ஆனால் முதல் ஆண்டு 30 பேர் வாங்கினால், அந்த 30 பேரின் முகவரி ஒரு நோட்டில் இருக்கும். அடுத்த ஆண்டு சந்தை அந்த நோட்டிலிருந்து தொடங்கும்.

பழைய பொங்கல் அட்டைகளை இன்றும் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் உண்டு. சென்ற பொங்கலுக்குக் கைப்பேசியில் வந்த வாழ்த்துகளில் எத்தனை உங்களிடம் இருக்கின்றன?